வெள்ளைத் தோல், சிவப்பு லென்ஸ் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். நண்பர்கள் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கிறோம். செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு கிராமம். யாரென்று தெரியாத ஒருவன் அங்கே பஸ்ஸில் வந்து இறங்குகிறான். அன்றிலிருந்து ஊரில் ஒவ்வொரு தப்பாக நடக்கிறது. திருநெல்வேலி என்றாலே அருவாளைக் காட்டும் சினிமாவிலிருந்து விலகி ஒன்று செய்ய ஆசை. வருகிறவன் அல்பினிசம் உள்ளவன். வெளுத்த தோல், வெள்ளை முடி. நடிகருக்கு மேக்கப் போட்டு, கண்ணுக்குச் சிவப்பு லென்ஸ் வைக்கப் போகிறோம். பார்த்த உடனே இவன் நம்ம ஆள் இல்லை என்று தோன்ற வேண்டும். எங்களில் ஒருத்தி, இது அந்த மக்களைப் புண்படுத்தும் என்கிறாள். இப்படி எல்லாவற்றுக்கும் பயந்தால் கலை என்ன ஆகும்? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். நாங்கள் பார்க்க வேண்டிய படங்களையும் சொன்னால் நல்லது. மே மாதம் தேரியில் படப்பிடிப்பு.

மு.,
திசையன்விளை

அன்புள்ள மு.,

கலைச் சுதந்திரத்தை ஓரமாக வைத்துவிடலாம். உங்களை யாரும் தடுக்கவில்லை. கூட இருக்கும் ஒரு பெண் தன் மனதில் பட்டதைச் சொன்னாள், அவ்வளவுதான். படப் பட்டியலும் வேண்டாம். இந்த வகைப் படங்களை நீங்கள் தேவைக்கு அதிகமாகவே பார்த்திருக்கிறீர்கள்.

பார்த்த உடனே தோன்ற வேண்டும் என்கிறீர்களே, அந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் சின்னப் பையன் ஒருவன் என் அக்காவைப் பார்த்து வீறிட்டு அழுதான். அவனுடைய அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு, "அந்தப் படத்துல ஒருத்தன் வருவாம்லா, அவன மாதிரி இருக்காவல்லா, அதான் பயந்துட்டான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிச் சிரித்தாள். அக்கா ஒன்றும் சொல்லாமல் பந்திக்குப் போய் உட்கார்ந்தாள். அன்றிலிருந்து இதே நினைப்புதான். அப்போதுதான் உங்கள் கடிதம் வந்தது.

அக்கா என்றால் சித்தி மகள். முக்கூடலில் பிறந்து வளர்ந்தவள். சித்தியும் சித்தப்பாவும் நல்ல கறுப்பு. பிள்ளை வெள்ளை முடியோடு பிறந்ததும், கிரகணத்தில் வெளியே போயிருப்பாள் என்றார்கள் சிலர். சித்தியின் நடத்தையைப் பற்றிப் பேசியவர்களும் உண்டு. நடந்தது என்ன? சித்தப்பா சித்திக்குத் தாய்மாமன் மகன். மெலனின் என்ற நிறமியை உண்டாக்குவதில் குறையுள்ள மரபணு ஒன்று இருவரிடமும் இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாது. இரண்டு பக்கமிருந்தும் வந்து பிள்ளையிடம் சேர்ந்தால் தெரியும். பெற்றோர் இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துக்குள் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுகிறது. ஊரெல்லாம் அந்நியமாகப் பார்த்த பிள்ளை, ஒரே வீட்டு ரத்தம் இரண்டு வழியாக இறங்கி வந்து பிறந்த பிள்ளை. எங்கள் வகையறாவில் அவளைவிட உள்ளூர்க்காரி யாரும் கிடையாது.

இனி கண்ணுக்கு வருகிறேன். மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

சிவப்பு லென்ஸ் என்கிறீர்கள். அல்பினிசம் உள்ளவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கண் சிவப்பு கிடையாது. நீலச் சாயல், சாம்பல், வெளிர் பழுப்பு என்றுதான் இருக்கும். கருவிழியில் நிறமி குறைவு என்பதால் வெளிச்சம் ஒரு கோணத்தில் பட்டால் உள்ளே இருக்கும் ரத்த நாளங்கள் சிவப்பாகத் தெரியும். அந்த ஒரு கணத்தை எடுத்து லென்ஸாக்கி, படம் முழுக்க மாட்டி வைத்துவிட்டது சினிமா. ஆனால் அந்தக் கண்ணுக்கு என்ன தெரிகிறது? அதை எந்த இயக்குநர் கேட்டார்? நிறமி இல்லாமல் விழித்திரையின் நடுப்பகுதி சரியாக வளர்வதில்லை. கண்ணாடி போட்டாலும் முழுப் பார்வை வராது. வெளிச்சத்தைத் தடுக்க கருவிழிக்குச் சக்தி கிடையாது. வெயில் நேராக உள்ளே பாயும். கண் தானாக இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே இருக்கும். சிலர் தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்துப் பார்ப்பார்கள். அந்தக் கோணத்தில் ஆட்டம் குறைந்து கொஞ்சம் தெளிவாகத் தெரியும், அதற்காக.

இந்தத் தலைச்சாய்ப்பைத் திரையில் எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்! பின்னணியில் கிர்ரென்று ஒரு இசை, மெதுவாகத் தலை சாய்கிறது, நமக்கு முதுகு சில்லிடுகிறது. என் அக்கா பேருந்தின் போர்டைப் படிக்கத் தலையைச் சாய்ப்பாள். எதிரே வருவது அம்மாவா பக்கத்து வீட்டு ஆச்சியா என்று கண்டுபிடிக்கத் தலையைச் சாய்ப்பாள். பத்தடி தள்ளி நின்றால் அவளுக்கு முகம் தெரியாது. நடையையும் குரலையும் வைத்துத்தான் ஆள் சொல்வாள். தெருவில் எதிர்ப்பட்டவர்கள், "கண்டும் காணாத மாதிரி போறா, திமிரு" என்று சித்தியிடம் வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

பள்ளிக்கூடத்தில் அவளைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்தால் முன்னால் இந்தப் பிள்ளையா தெரிய வேண்டும் என்று ஒரு டீச்சர் சொன்னாராம். கரும்பலகைக்கு முன்னால் இருக்க வேண்டிய பிள்ளை அவள். எழுதிப் போட்ட ஒன்றும் தெரியாமல், காதால் கேட்டு மனப்பாடம் செய்து எட்டாவது வரை வந்தாள். அப்புறம் பீடி சுற்றினாள். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, விரலாலேயே இலையை உருட்டித் தூளை அடைத்து நூல் கட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இலை வெட்டிக் கொடுப்பது மட்டும் சித்தி.

அவளுக்குச் சினிமா என்றால் உயிர். நாங்கள் தரை டிக்கெட்டில் முன்னால் போய் உட்காருவோம், அங்கிருந்தால்தான் அவளுக்குத் தெரியும். ஒரு நாள் ஏதோ இங்கிலீஷ் படம். வெள்ளை முடிக்காரன் ஒருவன் கத்தியோடு வருகிறான். பின்னாலிருந்து ஒரு பையன் என்னைப் பார்த்து, "ஏல, ஒங்க அக்கா வாறா" என்று கத்தினான். கொட்டகையே சிரித்தது. அதற்கப்புறம் அவள் இரண்டாம் ஆட்டத்துக்கு மட்டும்தான் வருவாள். விளக்கு அணைந்த பிறகு உள்ளே வந்து, மறுபடி விளக்குப் போடும் முன்னால் எழுந்துவிடுவாள். கிளைமாக்ஸை வீட்டுக்கு வந்து நான் சொல்ல வேண்டும்.

2006-ல் 'தி டாவின்சி கோட்' வந்தது. அதில் கொலை செய்கிற துறவி அல்பினிசம் உள்ளவர். அமெரிக்காவில் அம்மக்களுக்கான நோவா என்ற அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. தமிழ்நாட்டில் அந்தப் படத்தை அப்போது தடையே செய்தார்கள், மத உணர்வுக்காக. அந்தத் தோலைப் பற்றி ஒருவர் பேசியும் என் காதில் விழவில்லை. எதிரே நிற்பவர் முகமே சரியாகத் தெரியாத கண்ணை வைத்துக்கொண்டு ஒருவன் துப்பாக்கியோடு ஆள் தேடி அலைகிறான் என்றால், அதை எழுதியவரும் எடுத்தவரும் அப்படிப்பட்ட ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் எழுதியிருப்பார்களா?

அடுத்த வருடம் 'சிவாஜி' வந்தது. ஒரு பாட்டுக்காக வெளிநாட்டுப் பெண் ஒருவரின் தோல் நிறத்தைக் கணினியில் எடுத்து ரஜினிகாந்த் மேல் ஏற்றினார்கள். அந்த வெள்ளைக்கு விசில் அடித்தோம். எங்கள் தெருவில் இருந்த வெள்ளைக்குக் கதவைச் சாத்தினோம்.

சினிமா தோலை மட்டும் பார்க்கிறது என்றால், அலுவலகத்தில் கண்ணைப் பார்த்தும் நம்புவதில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் அல்பினிசம் தனியாக இல்லை. குறைபார்வை என்ற பிரிவில்தான் சான்று வாங்க வேண்டும். அக்கா போனபோது, "கண்ணு நல்லாத்தானே இருக்கு, நடந்துதானே வந்தீங்க" என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவைதான் கிடைத்தது.

அருவாளைக் காட்டுகிற சினிமா உங்களுக்குக் கோபத்தைக் கொடுக்கிறது. நியாயமான கோபம். கறுத்த உடம்பு, முறுக்கிய மீசை, ஏலேய் என்று ஒரு சத்தம், உடனே இவன் வெட்டுகிறவன் என்று மெட்ராஸ் ரசிகனுக்குத் தோன்றிவிட வேண்டும். பார்த்த உடனே. அதே வேலையை உங்களைவிடக் கதியற்ற ஒருவர் மேல் நீங்கள் செய்கிறீர்கள். இது சோம்பேறித்தனம், மு. உங்கள் வயதில் எனக்கு இது பிடிக்கவில்லை. ஒருவனை ஊர் எப்படி அந்நியனாக்குகிறது என்று எழுத ஐம்பது காட்சி வேண்டும். யார் தண்ணீர் கொடுத்தார்கள், எந்தத் திண்ணையில் உட்காரச் சொன்னார்கள், "தம்பிக்கு எந்த ஊரு, யாரு வீடு" என்ற கேள்விக்குப் பிறகு குரல் எப்படி மாறியது என்று எல்லாம் எழுத வேண்டும். அந்த உழைப்பை ஒரு டப்பா மேக்கப்பில் முடிக்கப் பார்க்கிறீர்கள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பாத்திரத்தை எடுத்துவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும் முதல் காட்சியை அவர் இருக்கும் இடத்திலிருந்து மறுபடி எழுதுங்கள். வெயில் கண்ணை அடைக்கிறது. எதிரே நாலு உருவம், முகம் இல்லை. கடைப் பெயரைப் படிக்க முடியவில்லை, கேட்கிறார். யார் என்ன பதில் சொல்கிறார்கள்? அதை எழுதிய பிறகும் ஊரில் நடக்கும் தப்புக்கெல்லாம் அவர்தான் காரணம் என்று உங்களால் வைக்க முடிகிறதா, பாருங்கள். மேக்கப் வேண்டாம், லென்ஸ் வேண்டாம். அல்பினிசம் உள்ள ஒருவரையே தேடிப் பிடித்து நடிக்கக் கேளுங்கள். அவர் சம்மதித்தால் தேரியில் மே மாதம் வைக்காதீர்கள். நிழல் இல்லாத செம்மண்ணில் அந்த வெயிலில் அவர் தோல் வெந்துபோகும், வருடக்கணக்கில் அப்படிப் பட்டால் தோல் புற்றுநோய் வரை போகும். மார்கழிக்குத் தள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள்ளும் சாயங்காலம் ஐந்துக்குப் பிறகும் எடுங்கள். முழுக்கைச் சட்டை, தொப்பி, குடை எல்லாம் உங்கள் செலவு. வசனத்தைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுங்கள். உங்கள் தோழியிடம் திரைக்கதையைக் கொடுத்து ஒரு தடவை படிக்கச் சொல்லுங்கள், பிறகு எனக்கு அனுப்புங்கள்.