எதிர்த்து நிற்பதா, விலகி ஓடுவதா? சோதனை குறித்த கேள்வி பதில்

சோதனைகளை மேற்கொள்வதைப் பற்றி வாசகர்கள் எழுதி அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஜெபத்தில் முழங்காற்படியிட்டிருக்கும்போதே அசுத்தமான எண்ணங்கள் எழுகின்றன. எண்ணம் வந்தவுடனேயே நான் பாவம் செய்தவனாகிவிட்டேனா?

இல்லை. எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும் இயேசு பாவமில்லாதவராயிருந்தார் என்று எபிரெயர் 4:15 சொல்கிறது. சோதிக்கப்படுவதே பாவமானால் அந்த வசனத்துக்குப் பொருளே இராது. 4ஆம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்ற துறவி, தீய எண்ணங்கள் நம்மைத் தொல்லைப்படுத்துமா என்பது நம் கையில் இல்லை, அவை நமக்குள் தங்குமா என்பதே நம் கையில் இருக்கிறது என்று எழுதினார். பண்டைய சபைப் பிதாவான அகுஸ்தீன், இயேசுவின் மலைப்பிரசங்கத்தை விளக்குகையில், முதலில் தூண்டுதல், பின்பு அதில் மனம் காணும் இன்பம், கடைசியில் சம்மதம் என்று பாவத்தின் படிகளை வகுத்தார். மனச்சாட்சி கூர்மையுள்ள விசுவாசிகள் பலர் முதல் படிக்காகத் தங்களை வாட்டிக்கொண்டு, இரண்டாம் படியில் கவனமின்றி நெடுநேரம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி: தேவன் ஆபிரகாமைச் சோதித்தார் என்று ஆதியாகமம் 22 சொல்கிறது. தேவன் ஒருவனையும் சோதிக்கிறவரல்ல என்று யாக்கோபு 1:13 சொல்கிறது. இவை எப்படிப் பொருந்தும்?

யாக்கோபு அந்த இடத்தில் கண்டிப்பது, தன் வீழ்ச்சிக்குத் தேவன்மேல் பழிபோடுகிற மனிதனை. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், விசுவாசத்தைப் பரீட்சிக்கிற துன்பங்களைச் சந்தோஷமாக எண்ணச் சொல்கிறவரும் அவரே. மகன் ஈசாக்கைப் பலியிடச் சொன்ன மோரியாவில் தேவன் ஆபிரகாமைப் பொல்லாங்குக்கு இழுக்கவில்லை. கத்தியை ஓங்கிய கையையும் அவரே தடுத்தார்.

கேள்வி: இயேசு வனாந்தரத்தில் வசனத்தைச் சொல்லிச் சாத்தானை வென்றார். நானும் பல வசனங்களை மனப்பாடம் செய்திருக்கிறேன். சோதனை நேரத்தில் அவை எனக்கு உதவவில்லையே?

அதே வனாந்தரச் சம்பவத்தில் சாத்தானும் 91ஆம் சங்கீதத்தைச் சொன்னான் என்பதை மறந்துவிடக் கூடாது. இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 ஆகிய அதிகாரங்களிலிருந்து வந்தவை. இஸ்ரவேலர் 40 வருஷம் வனாந்தரத்தில் பசித்து மன்னாவைப் பெற்றதும், மாசாவில் கர்த்தரைப் பரீட்சை பார்த்ததும், அந்நிய தேவர்களைப் பின்பற்றாதபடி எச்சரிக்கப்பட்டதும் அப்பகுதியில்தான் வருகின்றன. அந்த ஜனம் தவறிய இடத்திலேயே தேவனுடைய குமாரன் நின்று, கீழ்ப்படிதலோடு அந்த வார்த்தைகளைத் தம்முடையவையாக்கினார். மேலும், சாத்தான் நீட்டியவற்றில் அருவருப்பானது எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள்: பசித்தவனுக்கு அப்பம், விழுகிறவனுக்குப் பாதுகாப்பு, ராஜாவுக்கு ராஜ்யம். நியாயமான தேவையைத் தவறான வழியில் நிறைவேற்றச் சொல்வதே அவனுடைய தந்திரம். ஆகையால் எந்தத் தேவையின் வாசல்வழியாக அவன் உங்களிடம் வருகிறான் என்று முதலில் கண்டறியுங்கள். எவாகிரியுஸும், பெருந்தீனி, விபசார இச்சை, பொருளாசை, துக்கம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை என்று தாம் வகுத்த எட்டு எண்ணங்களுக்கும் தனித்தனியே பதில் வசனங்களைத் தொகுத்து வைத்திருந்தார். உங்கள் சோதனைக்கு நேராகப் பேசுகிற ஒரே பகுதியை முன்பின் வசனங்களோடு ஆழ்ந்து படித்து வைப்பது, தொடர்பில்லாத நூறு வசனங்களை ஒப்பிப்பதைவிடப் பயன் தரும்.

கேள்வி: போத்திபாரின் மனைவி பாவத்துக்கு அழைத்தபோது யோசேப்பு வஸ்திரத்தை விட்டு ஓடிப்போனான். விசுவாசி ஓடுவது கோழைத்தனம் அல்லவா? பிசாசுக்கு எதிர்த்து நிற்கும்படிதானே யாக்கோபு 4:7 சொல்கிறது?

எதற்கு விலகி ஓடும்படி வேதம் சொல்கிறது என்று பாருங்கள்: வேசித்தனம் (1 கொரிந்தியர் 6:18), விக்கிரகாராதனை (10:14), பண ஆசை (1 தீமோத்தேயு 6:11), பாலியத்துக்குரிய இச்சைகள் (2 தீமோத்தேயு 2:22). எதிர்த்து நிற்கச் சொல்லும் இடங்களிலோ யாக்கோபு பெருமையையும் சண்டைகளையும், பேதுரு பாடுகளின் நடுவே விசுவாசத்தில் உறுதியாயிருப்பதையும் பேசுகிறார்கள். உடலின் இச்சையோடு நேருக்கு நேர் நின்று வாதாடிப் பார்ப்பவர் பெரும்பாலும் தோற்பார். யோசேப்பு ஓடியது கடைசி நாளில் மட்டுமல்ல. போத்திபாரின் மனைவி நித்தம் நித்தம் பேசியபோதும் அவளுடனே இருப்பதற்கே அவன் இணங்கவில்லை என்று ஆதியாகமம் 39:10 கூறுகிறது. எவாகிரியுஸின் வாழ்க்கையும் இதற்குச் சான்று. கான்ஸ்டான்டிநோபிளில் பெயர்பெற்ற உதவிக்குருவாக இருந்தபோது மணமான ஒரு பெண்மீது ஆசைகொண்ட அவர், அந்நகரத்தையே விட்டு எருசலேமுக்குப் போனார். அங்கே மெலானியா என்ற அம்மையாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அவருடைய ஆலோசனையின்படி எகிப்துக்குச் சென்று, 399இல் மரிக்கும்வரை பாலைவனத்திலேயே வாழ்ந்தார். நமக்கு நகரத்தை விடவேண்டிய அவசியம் பெரும்பாலும் இராது. இரவில் கைப்பேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பதும், சில உரையாடல்களை முதல் வரியிலேயே முடித்துக்கொள்வதும், 1 கொரிந்தியர் 10:13 வாக்களிக்கிற தப்பிக்கொள்ளும் போக்காக இருக்கலாம்.

கேள்வி: எனக்கு இச்சை பிரச்சினை அல்ல, சகோதரரே. ஜெபம் சுவையற்றுப் போயிற்று. ஞாயிறு பள்ளி ஊழியத்தை விட்டுவிட்டு வேறு சபைக்குப் போகலாமா என்று தோன்றுகிறது.

சகோதரி, எவாகிரியுஸ் எல்லாவற்றிலும் கொடியதாக எண்ணிய சோர்வு இதுதான். நண்பகலை ஒட்டி அது துறவியைத் தாக்கும். சூரியன் நகராததுபோலவும் பகல் 50 மணி நேரம் நீள்வதுபோலவும் தோன்றும். அவர் ஜன்னலை எட்டிப் பார்ப்பார். சகோதரரிடத்தில் அன்பே இல்லை, வேறிடத்தில் கர்த்தரை எளிதாகப் பிரியப்படுத்தலாம் என்று மனம் சொல்லும். இதற்கு எவாகிரியுஸ் சொன்ன மருந்து, இருக்கும் இடத்தை விட்டு நகராமல் பொறுமையோடு சிறிய கடமைகளைச் செய்வது. முந்தைய கேள்விக்குத் தந்த பதில் இங்கே பொருந்தாது. இந்தச் சோதனையில் ஓடுவதே விழுவது. சபையில் துர்உபதேசமோ அநீதியோ இருந்து விலக நினைத்தால் அது வேறு. தூக்கமின்மையும் துயரமும் வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரையும் பாருங்கள். அதை அவிசுவாசம் என்று எவரும் சொல்ல இடங்கொடாதீர்கள்.

கேள்வி: ஒரே பாவத்தில் திரும்பத் திரும்ப விழுகிறேன். ஜெபிக்கவே கூசுகிறது.

பேதுரு மறுதலிப்பதற்கு முன்பே, அவனுடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு வேண்டிக்கொண்டதாகவும், குணப்பட்டபின் அவன் சகோதரரை ஸ்திரப்படுத்த வேண்டும் என்றும் இயேசு சொன்னார் (லூக்கா 22:32). வீழ்ச்சியை அறிந்தே அவனுக்குரிய ஊழியத்தையும் அவர் குறித்துவைத்தார். நீங்கள் உடனே ஜெபிக்கலாம். கூச்சம் தீரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதோடு, யாக்கோபு 5:16 சொல்கிறபடி ஒருவரிடம் அறிக்கையிடுங்கள். அவர் இரகசியம் காக்கிறவராகவும், உங்களைவிட விசுவாசத்தில் முதிர்ந்தவராகவும், இச்சை சார்ந்த பாவமானால் உங்கள் பாலினத்தவராகவும் இருக்கட்டும். சாட்சிக் கூட்டத்தில் எழுந்து சொல்ல அவசரப்பட வேண்டாம். அங்கே கேட்கிறவர்கள் எல்லோரும் உங்களுக்காக ஜெபிக்கிறவர்கள் அல்லர்.