கிண்ணத்தின் அடியிலிருந்து தொடங்குங்கள்

வணக்கம்.

சமீபத்தில் ஒரு செராமிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். ஓர் அறை முழுக்கக் கிண்ணங்களும் ஜாடிகளும், எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ‘தொடாதீர்கள்’ என்ற பலகையும். கையில் எடுக்க முடியாத கிண்ணத்தால் யாருக்கு என்ன பயன் என்று தோன்றியது. அடுத்த அறையில் கிழிந்தும் கோணியும் வெடித்தும் நின்ற பெரிய உருவங்கள். கைத்தவறா, வேண்டுமென்றே செய்ததா என்றே பிடிபடவில்லை. சுவரில் இருந்த நீண்ட குறிப்பைப் படித்தும் ஒன்றும் விளங்கவில்லை. இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது?

க.

அன்புள்ள க.,

கிண்ணத்தைப் பார்த்ததும் எடுக்கக் கை நீண்டது என்றால் நீங்கள் சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். மட்பாண்டம் கையால் அறிய வேண்டிய கலை. ஆனால் கண்காட்சிக்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கிளேஸ், அதாவது சூளையில் உருகிக் கண்ணாடி போலப் படியும் பூச்சு, இல்லாத மண்பரப்பில் நுண்துளைகள் நிறைய. விரலில் இருக்கும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொண்டால் கறை எளிதில் போகாது. 2010-இல் லண்டனின் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் சீனக் கலைஞர் ஆய் வெய்வெய், போர்சலைன் என்ற வெள்ளைப் பீங்கானால் ஆன பத்துக் கோடி சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பி வைத்தார். ஒவ்வொன்றும் சீனாவின் ஜிங்தேசென்னில் கையால் வண்ணம் தீட்டியது. முதலில் மக்கள் அதன் மேல் நடந்தார்கள், உட்கார்ந்து அள்ளினார்கள். செராமிக் தூசி கிளம்பியதால் சில நாட்களிலேயே அதை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆனாலும் எல்லாக் கண்காட்சியிலும் ஒரு மேசையில் நாலைந்து பாண்டங்களையாவது எடுத்துப் பார்க்க வைக்கலாம் என்றுதான் சொல்வேன். அது இல்லாத இடத்தில் கையின் வேலையைக் கண் செய்ய வேண்டியிருக்கிறது.

அடியிலிருந்து தொடங்குங்கள். சக்கரத்தில் வனைந்த கிண்ணம் ஓரளவு காய்ந்ததும் அதைக் கவிழ்த்து வைத்து அடியைச் சீவுவார்கள். கிண்ணம் நிற்கும் வளையம் அப்படித்தான் உருவாகிறது. அந்த வளையத்தில் கிளேஸ் இருக்காது. இருந்தால் அது உருகிச் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மண்ணின் சொந்த நிறமும் மணலும் வெளியே தெரியும் இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான். முழங்காலை மடக்கிக் குனிந்து பாருங்கள். மேலிருந்து வழிந்த கிளேஸ் அந்த வளையத்துக்கு மேலே ஒரு தடித்த விளிம்பாக நின்றிருக்கும். ஸ்டோன்வேர் என்ற, கல் போல இறுகச் சுட்ட பாண்டம் என்றால் சூளையின் வெப்பம் பெரும்பாலும் 1200 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஓடும் திரவம் எங்கே நிற்கும் என்று கணக்குப் போட்டுப் பூசியிருக்கிறார், அதைச் செய்தவர்.

அடியின் அளவும் முக்கியம். மட்பாண்டக் கலைஞர் லூசி ரீயின் கிண்ணங்களைப் பாருங்கள். 1938-இல் வியன்னாவை விட்டு லண்டனுக்கு வந்தவர், பிழைப்புக்காகச் செராமிக் பொத்தான்கள் செய்தவர். அவருடைய பல கிண்ணங்களுக்கு மிகச் சிறிய அடிதான், அங்கிருந்து சுவர் அகலமாக விரிந்து மேலே போகும். விழுந்துவிடுமோ என்று பார்ப்பவருக்குப் பதறும், ஆனால் கிண்ணம் அசையாமல் நிற்கும். அடர்ந்த பழுப்புப் பூச்சில் ஊசியால் கீறிய கோடுகளும் அந்த விரிவோடு சேர்ந்தே போகும்.

அப்புறம் விளிம்பைப் பாருங்கள். அதன் தடிமனைப் பார்த்தே எடையை ஓரளவு ஊகிக்கலாம். இதற்குப் பாண்டத்தின் உள்பக்கமும் தெரிய வேண்டும். கிண்ணத்தைக் கழுத்தளவு உயரப் பீடத்தில் ஏற்றி, கூரையிலிருந்து ஒரே விளக்கைப் பாய்ச்சுகிறார்களே, அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உள்ளே எட்டிப் பார்க்கவும் முடியாது, வளைவின் நிழலும் செத்துப்போகும்.

சரி, அடுத்த அறைக்கு வருவோம். கைத்தவறா இல்லையா என்று கேட்டீர்கள். விரிசலே அதற்குப் பாதிப் பதில் சொல்லும். மண் ஈரமாக இருக்கும்போது கிழித்தால் ஓரம் இழுபட்டு, பிசிறு பிசிறாக இருக்கும். காயும்போது விட்ட விரிசல் மெல்லியது, பெரும்பாலும் விளிம்பிலோ ஒட்டுப்போட்ட இடத்திலோ தொடங்கும். விரிசலின் ஓரத்தைக் கிளேஸ் மூடி மழுங்கடித்திருந்தால், கிளேஸ் உருகுவதற்கு முன்பே அது வந்துவிட்டது. கண்ணாடித் துண்டு போல ஓரம் கூர்மையாக இருந்தால் சூளை ஆறும்போது வெடித்தது.

அமெரிக்க மட்பாண்டக் கலைஞர் பீட்டர் வோல்கோஸ் 1954-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கலைப்பள்ளியின் செராமிக் துறையைத் தொடங்கினார். சக்கரத்தில் அசாத்தியக் கைத்திறன் அவருக்கு. வனைந்ததை வெட்டி, கிழித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். அதே ஆண்டு ஜப்பானில் யாகி கசுவோ என்ற மட்பாண்டக் கலைஞர் சக்கரத்தில் வனைந்த ஒரு வளையத்தை நிமிர்த்தி நிறுத்தி, அதைச் சுற்றிச் சின்னச் சின்னக் குழாய்களை ஒட்டினார். அதில் எதையும் ஊற்றி வைக்க முடியாது. பாண்டமாகத்தான் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் மண்ணுக்கு இல்லை என்று அவர் நம்பினார், நானும் நம்புகிறேன்.

அதற்காக வேண்டுமென்றே செய்த விரிசலெல்லாம் நல்ல விரிசல் ஆகிவிடாது. கட்டைவிரலைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து விரிசலை மறைத்துப் பாருங்கள். மறைத்த பிறகும் உருவம் அப்படியே இருந்தால் அந்த விரிசல் அங்கே வெறும் அலங்காரம்தான்.

சுவர்க்குறிப்பை முதலில் படிக்காதீர்கள். எல்லாம் பார்த்து முடித்த பிறகு, என்ன மண், எந்தச் சூளை என்று சொல்லும் வரியை மட்டும் படித்துவிட்டு இன்னொரு சுற்று வாருங்கள். விறகுச் சூளை என்று போட்டிருந்தால் ஜாடியைச் சுற்றி நடந்து பாருங்கள். தீயை நோக்கி நின்ற பக்கத்தில் சாம்பல் படிந்து, உருகி, பச்சையும் பழுப்புமாக வழிந்திருக்கும். மறுபக்கத்தில் மண் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். சூளையில் அந்த ஜாடி எந்தப் பக்கம் திரும்பி நின்றது என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.