மொண்ணைக் கத்தி

அன்புள்ள அக்கா,

வேலை கிடைத்து ஓசூர் வந்து எட்டு மாதம் ஆகிறது. கடைச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாததால் நானே சமைக்கிறேன். ஒரு சாம்பார், ஒரு பொரியல் வைக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது, அதில் பாதி காய் நறுக்குவதிலேயே போய்விடுகிறது. எனக்குக் கைவேலை வராது என்று தெரிந்துவிட்டது. போனஸில் 15,000 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். ஏர் ஃப்ரையர், ஃபுட் பிராசஸர், கயிறு இழுக்கும் சாப்பர், பூண்டு நசுக்கி, டேபிள்டாப் கிரைண்டர், சப்பாத்தி மேக்கர், இவற்றில் எவை உண்மையிலேயே பயன்படும்?

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

“கைவேலை வராது என்று தெரிந்துவிட்டது” என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கிட்டத்தட்ட இதே வார்த்தையை என் அம்மா வாயிலிருந்து கேட்டவள் நான். கொஞ்ச நாளாகவே அது மனதில் ஓடிக்கொண்டிருந்தது, அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது.

பட்டியலை முதலில் முடித்துவிடுகிறேன். சப்பாத்தி மேக்கர் வேண்டாம். ஏர் ஃப்ரையர் என்பது விசிறி வைத்த சின்ன ஓவன், கிழங்கு வறுக்கலாம், அவசரம் ஒன்றும் இல்லை. கிரைண்டர், வாரா வாரம் மாவு அரைக்கிறவர் என்றால் மட்டும். தனி ஆளுக்கு 750 வாட் மிக்ஸி போதும், உளுந்து சூடாகாமல் இருக்க ஐஸ் தண்ணீர் தெளித்து, நடுநடுவே நிறுத்தி அரையுங்கள். மூன்று லிட்டர் குக்கர் ஒன்று இருக்கட்டும். சரி.

மிச்சம் இருப்பது ஃபுட் பிராசஸர், சாப்பர், பூண்டு நசுக்கி. மூன்றும் எதற்கு? நறுக்க. நான் உங்கள் சமையலறையைப் பார்த்ததில்லை, ஆனாலும் சொல்கிறேன், உங்கள் கத்தி மொண்ணை. பாத்திரக்கடையில் குக்கரோடு சேர்த்து வாங்கிய ஏதோ ஒரு கத்தி, வாங்கிய நாளிலிருந்து ஒரு தடவைகூடச் சாணை பிடித்திருக்க மாட்டீர்கள். கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து வெட்டுகிறீர்கள். இரண்டுமே கத்தியின் வெட்டும் விளிம்பை மடக்கிவிடும். அப்புறம் சிங்க்கில் மற்றப் பாத்திரங்களோடு போட்டு உருட்டுகிறீர்கள். அந்தக் கத்தியை வைத்துக்கொண்டு என் கைக்கு வேலை வரவில்லை என்றால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும், தம்பி?

தென்காசியில் எங்கள் வீட்டு அரிவாள்மணை என் ஆச்சி காலத்தது. அம்மா அதன்முன் ஒரு காலை மடித்து உட்கார்ந்தால் பேசிக்கொண்டே இரண்டு கிலோ சாம்பார் வெங்காயத்தை முடித்துவிடுவாள். வாழைப்பூவை அவள் பொடிப்பொடியாக அரிந்து மோருக்குள் தள்ளுவதைப் பார்க்கவே பக்கத்தில் போய் உட்காருவேன். மாதம் ஒருமுறை சாணைக்காரர் சைக்கிளில் வருவார். ஸ்டாண்டைப் போட்டு மிதித்தால் கல் சுற்றும், பொறி பறக்கும். அவர் குரல் தெருமுனையில் கேட்டதும் அம்மா அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாள்.

முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவளால் தரையில் உட்கார முடியவில்லை. என்னோடு வந்து இருந்தாள். நின்றுகொண்டு கத்தியால் நறுக்கினாள், பீன்ஸ் கோணல்மாணலாக வந்தது, தக்காளி நசுங்கியது. “கை போயிட்டு எனக்கு” என்றாள். நானும் வயசாகிவிட்டது என்றே நினைத்தேன். கயிறு இழுக்கும் சாப்பர் வாங்கிக் கொடுத்தேன், அப்புறம் கரண்டில் ஓடுவது ஒன்று. ஒன்றும் சொல்லாமல் இரண்டு வருடம் அவற்றோடு மல்லுக்கட்டினாள். சமையலறைக்கு வருவது குறைந்துகொண்டே போனது, அதையும் நான் வயசின் கணக்கிலேயே எழுதினேன்.

ஒரு நாள் எங்கள் தெருவில் சாணைக்காரர் குரல் கேட்டது. எதற்கென்றே யோசிக்காமல் கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்று சாயங்காலம் அம்மா பீன்ஸை எடுத்தாள். முதல் நாலைந்து காயில் கை தயங்கியது, பிறகு அந்தப் பழைய சத்தம் வந்தது, டக்டக்கென்று ஒரே சீராக. அரைக் கிலோவையும் முடித்துவிட்டு, “இன்னும் இருக்கா?” என்று கேட்டாள். மறுநாளைக்கு வைத்திருந்த முட்டைக்கோசையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வருடம் அவள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வீட்டில், அந்தக் கத்தியை எடுத்து ஒரு நகத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இப்போது அவள் இல்லை.

அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். மொண்ணைக் கத்தி வெங்காயத்தை நசுக்குகிறது. நசுங்க நசுங்கக் கண்ணைக் கரிக்கிற வாயு அதிகமாக வருகிறது. சாப்பரிலும் இதே கதைதான், வெங்காயம் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அதை எண்ணெயில் போட்டால் வதங்காமல் வேகும். உங்கள் குழம்பில் பச்சை வாடை அடிக்கிறதா? கூரான கத்தி தானாக இறங்கும். மொண்ணையைத்தான் பலம் கொடுத்து அழுத்த வேண்டும், அழுத்தும்போதுதான் வழுக்கி விரலில் ஏறும்.

நீங்கள் வாங்க வேண்டியது இவ்வளவுதான்: ஏழெட்டு அங்குலக் கத்தி ஒன்று, மரப்பலகை ஒன்று, ஒரு பக்கம் 400 (சொரசொரப்பு), மறுபக்கம் 1000 (வழவழப்பு) என்று போட்ட சாணைக்கல் ஒன்று. பலகைக்கு அடியில் ஈரத்துணி விரித்தால் நகராது. கல்லில் தண்ணீர் விட்டு, கத்தியைச் சாய்த்து, சுமார் 15 முதல் 20 டிகிரி, அதே சாய்மானம் மாறாமல் தேயுங்கள். மறுபக்க விளிம்பில் மெல்லிய பிசிறு கையில் தட்டுப்படும், அப்போது திருப்பிப் போட்டுத் தேயுங்கள். கல் வருகிற வரைக்கும் பீங்கான் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் பளபளப்பு இல்லாத சொரசொர வளையத்தில் நாலு இழுப்பு இழுத்தாலே வித்தியாசம் தெரியும். பழுத்த தக்காளியின் தோலில் அழுத்தாமல் கத்தியை இழுத்துப் பாருங்கள், இறங்கினால் சரி. பூண்டுக்கும் அதே கத்திதான், படுக்கப்போட்டு ஒரு அழுத்து.

மிச்சப் பணம் நிறையவே இருக்கும், ஏர் ஃப்ரையர் ஆசை இருந்தால் அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் கால் கிலோ வெங்காயத்தைச் சாணை பிடிக்காமல் ஒரு நாள், பிடித்து ஒரு நாள் நறுக்கி, எவ்வளவு நேரம் ஆகிறது என்று எனக்கு எழுதுங்கள்.