பந்தைப் பிடுங்கி வைக்கலாமா என்று கேட்ட அம்மாவுக்கு

அம்மா, வணக்கம். பிளஸ் டூ முடித்ததும் ஃபுட்பால் மட்டும்தான், காலேஜ் வேண்டாம் என்று மகன் அடம்பிடிப்பதாகச் சொன்னீர்கள். பந்தைப் பிடுங்காதீர்கள். அட்மிஷனையும் கைவிடாதீர்கள். ஃபுட்பால் பயிற்சியாளர் கிரஹாம் பாட்டரைப் பற்றி அவனிடம் பேசிப் பாருங்கள். பெயர் அவனுக்கே தெரிந்திருக்கும்.

பாட்டர் இங்கிலாந்துக்காரர். ஆடிய காலத்தில் லெஃப்ட் பேக், அதாவது இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர். பர்மிங்காம், ஸ்டோக், சவுத்தாம்ப்டன் என்று பல கிளப்புகளுக்கு ஆடினார். ஆனால் அந்நாட்டின் உச்ச லீக்கான பிரீமியர் லீக்கில் இறங்கியது வெறும் 8 ஆட்டங்களில்தான். 30 வயதில் பூட்ஸைக் கழற்றிவிட்டார். அதே 2005-இல் அவர் கையில் சமூக அறிவியல் பட்டம் இருந்தது. ஆடிக்கொண்டே திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தது. அடுத்துக் கிடைத்த வேலைகளும் பல்கலைக்கழகங்களில்தான்: முதலில் ஹல், அப்புறம் லீட்ஸ். லீட்ஸில் மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்தபடியே, தலைமைப் பண்பு, உணர்வு நுண்ணறிவு (தன் உணர்வையும் பிறர் உணர்வையும் புரிந்து நடப்பது) பற்றி முதுகலையும் முடித்தார்.

2011-இல் மனைவி, கைக்குழந்தையோடு ஸ்வீடனில் ஊஸ்டர்சுண்ட் என்ற குளிர் ஊருக்குப் போனார். அந்த ஊர் அணிக்குப் பயிற்சியாளர் வேலை. அணி அப்போது நான்காம் டிவிஷனில் இருந்தது. அங்கே வீரர்கள் ஊரார் முன்னால் மேடையேறி பாலே நடனம் ஆடினார்கள், பாட்டரும் சேர்ந்துதான். கூச்சம் போனால் மைதானத்திலும் பயமில்லாமல் பந்தைக் கேட்பார்கள் என்பது எண்ணம். லீட்ஸில் படித்தது இங்கேதான் வேலை செய்தது என்று நான் நம்புகிறேன். 2017-இல் ஸ்வீடிஷ் கோப்பை கைக்கு வந்தது. 2018 பிப்ரவரியில் லண்டனுக்கே போய் அந்த ஊரின் பெரிய கிளப்பான அர்செனலை 2-1 என்று வென்றார்கள்.

பின்னால் செல்சி என்ற பெரிய லண்டன் கிளப்பின் பயிற்சியாளர் வேலையில் பாட்டர் 7 மாதம்கூட நீடிக்கவில்லை. அதையும் மகனிடம் மறைக்காதீர்கள். இந்தத் தொழிலில் வேலை எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நல்ல ஃபுட்பால் டீம் உள்ள கல்லூரியில் உடற்கல்வியோ உளவியலோ எடுக்கட்டும். பயிற்சி நேரம் இடித்தால் தொலைநிலைக் கல்வி இருக்கிறது, அதில் குறைவொன்றும் இல்லை. 18 வயது நிரம்பியதும் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் டி லைசென்ஸ் என்ற பயிற்சியாளர் சான்றிதழுக்கான பயிற்சிக்கு முயலலாம். மாவட்ட, மாநிலப் போட்டிச் சான்றிதழ்களை இன்றே ஒரு ஃபைலில் போட்டு, இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு முதலில் கேட்பது அதைத்தான்.