பதில்: டெக்சாஸ் உரிமம், கலிபோர்னியாவில் மாணவி

டெக்சாஸில் பெற்ற உளவியலாளர் உரிமத்தோடு, படிக்கக் கலிபோர்னியா போய்விட்ட மாணவிக்கு வீடியோவில் ஆலோசனையைத் தொடரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பேசும் நேரத்தில் மாணவி எங்கே இருக்கிறார் என்பதுதான் முக்கியம். சைபாக்ட் (PSYPACT) ஒப்பந்தம், அதாவது ஒரு மாநில உரிமத்தோடு மற்ற உறுப்பு மாநிலங்களில் இருப்பவர்களுக்கும் உளவியலாளர்கள் வீடியோவில் சேவை தர வழிசெய்யும் மாநிலங்களுக்கிடையேயான ஏற்பாடு, இங்கே கைகொடுக்காது. டெக்சாஸ் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்துவிட்டன, கலிபோர்னியா இன்னும் வெளியேதான் நிற்கிறது (எனக்கென்னவோ வீம்பாகத்தான் படுகிறது).

ஆனால் கலிபோர்னியா சட்டத்திலேயே ஒரு வழி உண்டு. முனைவர் பட்ட அளவில் வெளிமாநில உரிமம் பெற்ற உளவியலாளர் ஒரு காலண்டர் வருடத்தில் 30 நாள் வரை அங்கே சேவை தரலாம். வாராவாரம் பேசுகிறீர்கள் என்றால், அந்த 30 நாளை எப்படி எண்ணுவார்கள் என்று கலிபோர்னியா உளவியல் வாரியத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். அப்புறம், ஒவ்வொரு அமர்வின் தொடக்கத்திலும் மாணவி இருக்கும் ஊரைக் கேட்டுக் குறித்துவையுங்கள். விடுமுறைக்கு டெக்சாஸ் வந்திருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.