பெங்களூரில் 19-ஆம் நூற்றாண்டுச் சிப்பாய்ப் பொருள்களைச் சேகரிக்க ஆசை: வாளில் தொடங்கலாமா?

கேள்வி கேட்டவர் பெங்களூருக்குப் புதிது. பழைய ராணுவப் பொருள்களும் கூடாரச் சாமான்களும் சேர்க்க ஆசை, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது, முதலில் ஒரு வாள் வாங்கலாமா என்கிறார்.

வாள் வேண்டாம். பொத்தானில் தொடங்குங்கள்.

இந்த ஊரில் துருப்பிடித்த வாள் எதைத் தொட்டாலும் விற்பவர் வாயில் திப்பு சுல்தான் பெயர்தான் வரும். 2023-இல் லண்டன் ஏலத்தில் திப்புவின் வாள் ஒன்று சுமார் 1.4 கோடி பவுண்டுக்குப் போன பிறகு கேட்கவே வேண்டாம். திப்பு இறந்தது 1799 மே 4. நீங்கள் கேட்பதோ அடுத்த நூற்றாண்டின் பொருள். அதைச் சொன்னால், 'அப்படியானால் இது அவர் மகனுடையது' என்று கூசாமல் பதில் வரும். ஆங்கிலேய அதிகாரிகளின் வில்கின்சன் வாள்கள் பலவற்றில் அலகின் முதுகில் வரிசை எண் இருக்கும். அதைக்கொண்டு தயாரித்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். அந்த அளவுக்குப் பழக்கம் வரும்வரை வாள் பக்கம் போக வேண்டியதில்லை.

பொத்தான் அப்படி இல்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பொய்யும் குறைவு, படிக்கத் தெரிந்தால் தன் வரலாற்றைத் தானே சொல்லிவிடும். பத்து மடங்கு காட்டும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். முன்பக்கத்தில் பின்னங்கால்களில் நின்றபடி முன்னங்கால்களில் கிரீடத்தைப் பிடித்திருக்கும் சிங்கம் தெரிந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் சின்னம். 1858-இல் ஆட்சி ராணியின் கைக்குப் போவதற்கு முந்தையது என்று நம்பலாம். பிரிட்டிஷ் படையில் சாதாரணச் சிப்பாயின் பொத்தான் 1855 வரை சாம்பல் நிற வெள்ளீயக் கலவை, அதன் பிறகு பித்தளை. 1871-இல் காலாட்படைச் சிப்பாய்களின் பொத்தானிலிருந்து படை எண்ணை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பொதுவாக அரசச் சின்னத்தைப் போட்டார்கள். ஆகவே சாம்பல் நிறத்தில், எண்ணோடு ஒரு பொத்தான் அகப்பட்டால் அது 1857 கலகத்துக்கும் மூத்தது. பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: தயாரிப்பாளர் பெயர் வட்டமாகப் பொறித்திருக்கும், ஃபர்மின், ஜென்னன்ஸ் என்று.

மதராஸ் படையின் பொருள்களில் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. 1903-இல் இந்தியப் படையின் தலைமைத் தளபதி கிச்சனர் படைகளுக்குப் புது எண் கொடுத்தபோது மதராஸ் காலாட்படை எண்களோடு 60-ஐக் கூட்டினார்கள். 3-ஆம் எண் பாளையங்கோட்டை இலகு காலாட்படை 63 ஆனது. 23-ஆம் எண் வாலாஜாபாத் படை 83 ஆனது. 63 என்ற எண்ணும் பாளையங்கோட்டைப் பெயரும் சேர்ந்து ஒரு தகட்டில் இருந்தால், விற்பவர் எந்தச் சத்தியம் செய்தாலும் அது இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. விக்டோரியாவின் முத்திரையில் 'வி.ஆர்.' (விக்டோரியா ராணி) என்பதோடு 'ஐ' சேர்ந்திருந்தால், அவர் பேரரசி ஆனபின் வந்தது. டெல்லியில் அதை அறிவித்தது 1877 ஜனவரி 1.

பதக்கங்களில் என் மனம் போவது வெள்ளியைவிட வெண்கலத்துக்குத்தான். 1885-87 பர்மாப் போருக்கான பதக்கத்தைப் போராடியவர்களுக்கு வெள்ளியிலும், படையோடு போன சமையற்காரர், தண்ணீர் சுமந்தவர், மூட்டை தூக்கியவர் போன்றோருக்கு வெண்கலத்திலும் கொடுத்தார்கள். விளிம்பில் பெயர் இருக்கும். மலிவான பதக்கத்தில் பெயரைத் தேய்த்துவிட்டு விலைபோகும் பெயரை வெட்டுகிறவர்கள் உண்டு. விளிம்பை விரல் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டும்.

கூடாரச் சாமான்களில் அதிகாரியின் பொருள் தப்பிப் பிழைக்கும், சிப்பாயின் பொருள் மறைந்துவிடும். துரை கொண்டுவந்த தேக்கு இழுப்பறைப் பெட்டி, விலங்கின் முதுகில் ஏற்ற வசதியாக இரண்டு துண்டாகப் பிரியும். கால்கள் திருகிக் கழலும். கைப்பிடி வெளியே துருத்தாமல் மரத்துக்குள் பதிந்திருக்கும். பழைய பங்களாக்கள் இடிபடும்போது இவை சந்தைக்கு வந்து, பிறகு புதிதாகச் செய்த நகல்களும் வந்தன. அடியில் விளக்கடித்துப் பாருங்கள். கூட்டல் குறித் தலை திருகாணி 1930-களில்தான் வந்தது. பித்தளைத் தொலைநோக்கி, திசைகாட்டி ஆகியவற்றில் 'ஸ்டான்லி லண்டன் 1885' என்று பளிச்சென்று பொறித்திருந்தால் அது புது நகல், கண்ணை மூடிக்கொண்டு நகருங்கள்.

சிப்பாயின் சொந்தப் பொருளுக்கு வருகிறேன். மதராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படை 1780-இல் பயனியர் (வழி அமைக்கும்) படையாகத் தொடங்கி, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கே வந்து அல்சூர் ஏரிக்கரையில் நிலைத்துவிட்டது. அதன் வழிவந்த தமிழ்க் குடும்பங்கள் அல்சூர், மர்ஃபி டவுன் பக்கம் இன்னும் இருக்கின்றன. அல்சூரில் ஒரு பாட்டி வீட்டில் சிறிய பித்தளைப் பானை ஒன்றைப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள்: முதலில் ஒரு எண், பிறகு 'அண்ணாமலை', அந்தப் பழைய கொம்பு போட்ட 'லை'யோடு. உள்ளே பூசிய ஈயம் அடிவயிற்றில் தேய்ந்து பித்தளை மஞ்சளாக எட்டிப் பார்த்தது. பாட்டியின் தாத்தாவுக்கு அப்பா சாப்பராம். விலைக்குக் கேட்கலாமா என்று நான் வாய் திறக்குமுன்பே, 'இதைக் கொடுத்துவிட்டால் தைக்கு எதில் பொங்குவேன், தம்பி?' என்றார். படம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் புழங்கும் பொருளை ஆசை காட்டி வாங்குவது சேகரிப்பு ஆகாது என்பது என் கட்சி; இதில் என்னோடு சண்டை போடுகிற நண்பர்கள் இருக்கிறார்கள்.

தலைப்பாகை பற்றி ஒன்று. 1806-இல் வேலூரில் சிப்பாய்கள் எழுந்ததற்குத் தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையும் ஒரு காரணம். அந்தத் தலைப்பாகை தன்னிடம் இருப்பதாகச் சொல்பவரிடம் வணக்கம் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எங்கே தேடுவது? பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் கூடும் ஞாயிற்றுச் சந்தைக்கு விடியற்காலையில் போங்கள், வெயில் ஏறினால் செல்போன் உறைதான் மிஞ்சும். சிவாஜிநகர்க் காயலான் கடைகளில் எடைக்குப் போடும் பித்தளைக் குவியலைக் கிளறலாம். ஆனால் வாங்குவதற்கு முன் அசலைக் கண்ணால் பார்த்துப் பழகுங்கள். சென்னைக்குப் போகும்போது புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் சீருடைகளின் முன்னும் பதக்கங்களின் முன்னும் அரைநாள் நில்லுங்கள்.

வாங்கியதைப் புளி போட்டுத் துலக்காதீர்கள். அதிகாரிகளின் பொத்தானில் தங்க முலாம் இருக்கும். ஒரு தேய்ப்பில் போனால் போனதுதான். தோல் வாரில் பித்தளை ஆணி பதிந்த இடத்தில் பச்சையாக மெழுகுபோலப் பிதுங்கியிருப்பது தோலின் கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டானது. மூங்கில் குச்சியால் மெல்லச் சுரண்டி எடுத்தால் போதும். எண்ணெய் தடவினால் இன்னும் அதிகமாக ஊறும்.

சட்டமும் உண்டு. 1972-ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது. விற்பனைத் தொழிலுக்குத் தொல்லியல் துறையின் உரிமம் வேண்டும். ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டைப் பக்கம் உலோகம் காட்டும் கருவியோடு போய் ஈயக் குண்டு தோண்டலாம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். துப்பாக்கி விஷயத்தில், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழம்பொருளுக்கு ஆயுதச் சட்டம் 45-ஆம் பிரிவில் விலக்கு இருக்கிறது. சுட முடியுமா முடியாதா என்பதைக் கடைக்காரர் சொல்லைக் கேட்டு முடிவு செய்யாமல், காசு கொடுக்கும் முன்பே காவல் நிலையத்தில் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.