இரண்டே ஓபரா வேடங்கள்: ஆங்கிலேய கான்ட்ரால்டோ பாடகி கேத்லீன் ஃபெரியர் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: கான்ட்ரால்டோ பாடகிகளுக்கு ஓபராவில் (இசை நாடகத்தில்) வாய்ப்பு ஏன் குறைவு?

பதில்: பெண் குரல்களில் மிகத் தாழ்ந்ததான இக்குரல் அரிதாகவே அமையும். அதைவிடப் பெரிய காரணம், பத்தொன்பதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்கள் காதல் நாயகியைப் பெரும்பாலும் மிக உயர்ந்த பெண் குரலான சொப்ரானோவுக்குக் கொடுத்துவிட்டு, தாய், செவிலி, குறி சொல்பவள் போன்ற வேடங்களையே இதற்கு ஒதுக்கியதுதான். 1955இல் நியூயார்க் மெட்ரோபாலிடன் ஓபராவில் அமெரிக்க கான்ட்ரால்டோ மரியன் ஆண்டர்சன் ஏற்றதும் இசையமைப்பாளர் வெர்டி படைத்த குறி சொல்பவள் வேடமே.

கேள்வி: ஃபெரியர் இசைக் கல்லூரியில் பயின்றவரா?

பதில்: இல்லை. இங்கிலாந்தின் லங்காஷயரில் 1912இல் பிறந்த அவர், பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டுத் தொலைபேசி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அக்கம்பக்கத்தில் பியானோ கலைஞராகவே அறியப்பட்டார். 1937இல் கார்லைல் இசைப்போட்டியில் பாட்டுப் பிரிவிலும் கலந்துகொள்ள முடியுமா என்று கணவர் ஒரு ஷில்லிங் பந்தயம் கட்ட, பியானோ, பாட்டு இரண்டிலும் முதற்பரிசு பெற்றார். லண்டனுக்குக் குடிபெயர்ந்த பிறகு பாடகர் ராய் ஹெண்டர்சனிடம் பயின்றார்.

கேள்வி: அவர் ஏற்ற ஓபரா வேடங்கள் எவை?

பதில்: 1946இல் இங்கிலாந்தின் கிளைண்ட்போர்ன் ஓபரா அரங்கில் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் படைத்த லுக்ரீஷியா, மறு ஆண்டு அங்கேயே இசையமைப்பாளர் குளூக் படைத்த ஆர்ஃபியூஸ்; மேடையில் அவ்வளவே. எளிய கையசைவைக்கூட இயல்பாகச் செய்ய வரவில்லையே என்று தம்மைத் தாமே கேலி செய்துகொண்டவர் அவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தொழிற்சாலைகளிலும் பாடிப் பழகிய அவருக்குக் கச்சேரி மேடைதான் வீடு என்பது என் கருத்து.

கேள்வி: கடைசி ஓபராவில் நடந்தது என்ன?

பதில்: 1951இல் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 1953 பிப்ரவரியில் இசைக்குழு நடத்துநர் பார்பிரோலி நடத்த, லண்டனின் கோவென்ட் கார்டன் ஓபரா அரங்கில் ஆர்ஃபியூஸை ஆங்கிலத்தில் நான்கு முறை பாடுவதாக ஏற்பாடு. இரண்டாம் நாள் காட்சியின் நடுவே இடது தொடை எலும்பு முறிந்தது. அசையாமல் நின்றபடியே எஞ்சிய பாடல்களைப் பாடி முடித்து, ரசிகர்களின் கைதட்டலையும் ஏற்ற பிறகுதான் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். மற்ற இரு காட்சிகளும் கைவிடப்பட்டன. அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று, 41 வயதில் மறைந்தார்.

கேள்வி: எந்த ஒலிப்பதிவிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

பதில்: புரூனோ வால்டர் இசைக்குழுவை நடத்த, 1952 மே மாதம் வியன்னாவில் டெக்கா நிறுவனம் பதிவுசெய்த, இசையமைப்பாளர் மாலரின் ‘பூமியின் பாடல்’ தான் என் முதல் பரிந்துரை. ஏறத்தாழ அரை மணி நேரம் நீளும் அதன் இறுதிப் பகுதியான ‘விடைபெறல்’, ‘என்றென்றும்’ என்ற ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லியபடி தேய்ந்து முடிகிறது. 1947 எடின்பரோ விழாவில் இதே படைப்பைப் பாடியபோது அந்தச் சொல்லைப் பாட முடியாமல் ஃபெரியர் கண்கலங்கிவிட்டார். அது கனமாகத் தோன்றினால், பக்கவாத்தியமே இல்லாமல் அவர் பாடிய ‘தெற்கு நோக்கி வீசு, காற்றே’ என்ற நாட்டுப்பாடலை முதலில் கேளுங்கள். ஒற்றைத் தட ஒலியான மோனோ பதிவாக இருந்தாலும், குரல் கீழே இறங்கும்போதும் சொல் தெளிவு குன்றாமல் இருப்பதை அதில்தான் எளிதாகக் கவனிக்க முடியும்.